கிணற்றுத் தண்ணீர் ரிசல்ட் இடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் "இந்த எண் சரியா இருக்குமா?" என்று மனசுக்குள் ஒரு உறுத்தல் வந்தால், அதை ஒதுக்கிவிடாதீர்கள். குமரி மாவட்டத்தில் அந்த உறுத்தலுக்கு நல்ல காரணம் உண்டு. பைக்கில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்துக்குள் கடற்கரை மணல், செம்புரைக்கல் மேடு, மலையடிவாரக் கருங்கல் எல்லாம் வந்துவிடுகின்றன. குலசேகரத்துக் கிணற்றுக்கு இயல்பாக இருக்கும் எண், இராஜாக்கமங்கலம் கடற்கரைக் கிணற்றில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பக்கத்து எண் இந்தப் பக்கம் வந்தாலும் அப்படித்தான்.

ஊராட்சியில் தண்ணீர் பார்ப்பவர்கள், கள ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள், சொந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தாளில் தெரியும் அறிகுறியைக் கண்டுபிடித்து அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் செய்துபாருங்கள். ஒரு கால்குலேட்டர் போதும்.

அறிகுறி: தாளில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

தண்ணீருக்கு மின்னூட்டம் கிடையாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் நேர், எதிர் மின்னூட்டமுள்ள துகள்களாக, அதாவது அயனிகளாக, பிரிந்து நிற்கும். நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழ சமமாகத்தான் இருக்க வேண்டும். மில்லிகிராமில் வைத்துக் கூட்டினால் இது தெரியாது, மின்னூட்டத்தைக் கணக்கில் எடுக்கும் அலகான மில்லிச்சமானத்துக்கு மாற்ற வேண்டும். கால்சியத்தை 20.04ஆல், மெக்னீசியத்தை 12.15ஆல், சோடியத்தை 23ஆல், பொட்டாசியத்தை 39.1ஆல் வகுங்கள். எதிர்ப் பக்கத்தில் குளோரைடை 35.45ஆல், சல்பேட்டை 48ஆல், நைட்ரேட்டை 62ஆல், காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறன்) 50ஆல் வகுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கால்சியம் 40, மெக்னீசியம் 12.2, சோடியம் 46, பொட்டாசியம் 3.9 மி.கி./லிட்டர் என்றால் 2.00 + 1.00 + 2.00 + 0.10 = 5.10. குளோரைடு 71, சல்பேட் 24, நைட்ரேட் 12.4, காரத்தன்மை 115 என்றால் 2.00 + 0.50 + 0.20 + 2.30 = 5.00. வித்தியாசம் 0.10. அதை இரண்டின் கூட்டுத்தொகையான 10.10ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1 சதவீதம். இது நல்ல தாள். இந்த அளவு உப்புள்ள தண்ணீருக்கு 2 சதவீதத்துக்குள் வருவது நல்லது. 5 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ பிழை இருக்கிறது.

அதே தாளில் காரத்தன்மையை 50க்குப் பதில் 61ஆல் வகுத்துப் பாருங்கள். 1.89தான் வரும், வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் பிழை இதுதான். ஆய்வகம் காரத்தன்மையை கால்சியம் கார்பனேட் கணக்கில் கொடுத்திருக்கும், தாளைப் படிப்பவர் அதை பைகார்பனேட் என்று எடுத்துக்கொள்வார். பைகார்பனேட் வேண்டுமென்றால் 1.22ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆக, ஆய்வகத்தைக் குறை சொல்வதற்கு முன் அலகைப் பாருங்கள்.

இன்னும் மூன்று சோதனைகள், சட்டென்று முடியும். நேர் அயனிகளின் கூட்டுத்தொகையை நூறால் பெருக்கினால் மின்கடத்துதிறனுக்கு (களத்தில் எல்லோரும் இ.சி. என்பார்கள்) அருகில் வர வேண்டும். மேலே உள்ள கணக்கில் 510 மைக்ரோசீமென்ஸ். தாளில் 900 என்று இருந்தால் ஏதோ ஒரு அயனி விடுபட்டிருக்கிறது, அல்லது இ.சி. மீட்டர் தவறு. அடுத்து, டி.டி.எஸ்.ஸை (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) இ.சி.யால் வகுத்தால் பெரும்பாலும் 0.55க்கும் 0.7க்கும் இடையில் நிற்கும். மூன்றாவது, கால்சியத்தை 2.5ஆலும் மெக்னீசியத்தை 4.1ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வந்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. திருவட்டாறு, விளவங்கோடு பக்கத்து மேட்டுக் கிணறுகளில் உப்பு மிகக் குறைவு. கூட்டுத்தொகையே 1 அல்லது 2 மில்லிச்சமானம்தான் வரும். அங்கே சதவீதத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். இரு பக்கமும் 0.2 மில்லிச்சமானத்துக்குள் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளலாம். அதே சமயம், எல்லா மாதிரியிலும் கணக்கு துல்லியமாகச் சுழியத்தில் வந்து நின்றால் அதையும் கேள்வி கேளுங்கள். சோடியத்தை அளக்காமல், மிச்சத்தைக் கழித்து எழுதியிருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் இந்தக் கணக்கால் அந்தத் தாளைச் சோதிக்கவே முடியாது.

அறிகுறி: கிணற்றடியில் பி.எச். 5.6, ஆய்வகத்தில் 6.8

பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம். இந்த இரண்டு எண்ணுமே சரியாக அளக்கப்பட்டிருக்கலாம். செம்புரைக்கல் நிலத்துத் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும், அதைத் தாங்கிப்பிடிக்கும் பைகார்பனேட் கொஞ்சம்தான் இருக்கும். தண்ணீர் வெளியே வந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும். பாட்டிலைப் பாதி நிரப்பி, பைக்கில் குலுக்கிக்கொண்டு நாகர்கோவில் வந்து சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும்.

எனவே நிலத்தடி நீரின் பி.எச். என்று எழுத வேண்டியது கிணற்றடி எண். ஆய்வக எண்ணைத் தனி வரியில் போடுங்கள், இரண்டையும் சராசரி எடுக்காதீர்கள். குடிநீர்த் தரத்தில் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்று இருப்பதால், ஆய்வக எண்ணை மட்டும் பார்க்கிறவர் "எல்லாம் சரி" என்று போய்விடுவார். அந்த வீட்டில் ஜி.ஐ. குழாய் அரித்துக்கொண்டிருக்கும்.

களத்தில் அளக்கும்போதும் இந்த வகைத் தண்ணீர் படுத்தும். உப்பு குறைந்த நீரில் மின்முனை மெதுவாகத்தான் நிலைக்கு வரும். அரை நிமிஷத்தில் படித்துவிடாமல், எண் ஓடுவது நிற்கும்வரை பொறுங்கள். மீட்டரைச் சரிபார்க்க 4, 7 ஆகிய இரண்டு பஃபர்களையும் (பி.எச். தெரிந்த கரைசல்கள்) அன்று காலையில் புதிதாக ஊற்றிப் பயன்படுத்துங்கள். 7, 9 வைத்துச் சரிபார்த்த மீட்டரில் 5.6ஐப் படித்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

எதிர்ப்பக்கம் ஒரு அறிகுறி: பி.எச். 9ஐத் தாண்டுகிறது. கடற்கரையில் புதிதாக இறக்கிய உறை கிணறு என்றால், சிமெண்ட் உறையிலிருந்து சுண்ணாம்பு இறங்குகிறது என்று பொருள். உறை எப்போது இறக்கினார்கள், கிணற்றில் சுண்ணாம்பு போட்டார்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சில மாதம் இறைத்த பிறகு மறுபடி பாருங்கள்.

அறிகுறி: எடுக்கும்போது தெளிவு, மதியத்துக்குள் பாட்டிலில் காவி

அடிபம்பிலிருந்து பிடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், இரண்டு மூன்று மணி நேரத்தில் தேநீர் நிறத்துக்கு மாறி அடியில் மெல்லிய துரு படிந்திருக்கும். காற்றில்லாத ஆழத்தில் கரைந்திருந்த இரும்பு, காற்று பட்டதும் ஆக்சைடாகிப் பிரிந்துவிட்டது. அந்தப் பாட்டிலில் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் "இரும்பு மிகக் குறைவு" என்று வரும். அம்மா சோறு வடித்தால் மஞ்சளாக வருகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க, தாள் இரும்பே இல்லை என்று சொல்லும். இங்கே வீட்டில் சொல்வதுதான் சரி.

செய்ய வேண்டியது: உலோகங்களுக்குத் தனி பாட்டில். கரைந்த இரும்பு வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடிகட்டி, உடனே தூய நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். மொத்த இரும்பு வேண்டுமென்றால் வடிகட்டாமல் அமிலம் சேருங்கள். இரண்டில் எது செய்தீர்கள் என்பதை பாட்டிலில் எழுதுங்கள், எழுதாவிட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆய்வகத்துக்கு வந்த பிறகு வடிகட்டினால், இரும்பை வடிதாளில் விட்டுவிட்டு மிச்சத்தை அளப்பதாக ஆகும்.

அதே இரும்பு, மாறாக, எகிறியும் வரலாம். பல நாள் ஓடாத அடிபம்பில் முதல் வாளியைப் பிடித்தால் குழாய்த் துருதான் வரும். கிணற்று இரும்பு எது, குழாய் இரும்பு எது என்று பிரிக்க, முதல் வாளியிலிருந்து ஒன்று, நன்றாக அடித்த பிறகு ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். இரண்டாவதில் சட்டென்று குறைந்தால் குழாய்தான் காரணம்.

அறிகுறி: ஒரே கிணறு, காலையில் நல்ல தண்ணீர், மாலையில் உப்பு

கடற்கரையில் அதிகம் குழப்புவது இதுதான், இதற்குத்தான் அதிகப் பொறுமையும் வேண்டும். மணக்குடி, இராஜாக்கமங்கலம் துறை, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கரையோரம் முழுக்க நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. இறைத்து இறைத்து மேல்மட்டத்தைக் குறைத்தால், கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறப் பார்க்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு இருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே 190 மி.கி. ஏறிவிடும். குடிநீருக்கு விரும்பத்தக்க எல்லையே 250தான்.

ஆகவே காலை எண்ணும் மாலை எண்ணும் வேறு வேறாக இருந்தால், ஒன்றைத் தவறென்று அடிப்பதற்கு முன் நான்கு கேள்விகள். எந்த ஆழத்தில் எடுத்தது? வாளி மேல்தண்ணீரை அள்ளும், மோட்டாரின் ஃபுட் வால்வு அடித்தண்ணீரை இழுக்கும். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது? முந்தின நாள் மழை பெய்ததா? பக்கத்தில் உப்பளமோ, கழிமுகமோ, கடலோர ஏ.வி.எம். கால்வாயோ இருக்கிறதா?

பதில் கிடைக்கவில்லை என்றால் நேரில் போய் இப்படிப் பாருங்கள். காலையில் யாரும் தண்ணீர் கோராத நேரத்தில், கயிற்றில் எடை கட்டிய மூடிபோட்ட பாட்டிலை இறக்கி, நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, அடியிலிருந்து அரை மீட்டர் மேலே ஒன்று என எடுத்து இ.சி. பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கிணறு கலந்திருக்கிறது, எங்கே எடுத்தாலும் சரி. அடியில் பல மடங்கு ஏறினால், இனிமேல் அந்தக் கிணற்றுக்கு எப்போதும் ஒரே ஆழத்தில் எடுப்பது என்று முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் மோட்டாரைப் போட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இ.சி. குறித்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே போகிறதென்றால் உப்பு கீழிருந்து எழும்புகிறது. அது ஆய்வகப் பிழையே கிடையாது, அந்தக் கிணற்றைப் பற்றிய முக்கியமான தகவல். வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய தகவலும் கூட: கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் தொட்டியை நிரப்ப வேண்டாம்.

போர்வெல் என்றால் கதை கொஞ்சம் வேறு. குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீர் பாறையிலிருக்கும் தண்ணீர் ஆகாது. புத்தக விதிப்படி குழாயிலுள்ள நீரின் மூன்று மடங்கை வெளியேற்ற வேண்டும். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 21.4 லிட்டர். 60 மீட்டர் நீர் நின்றால் மூன்று மடங்கு என்பது 3,800 லிட்டரைத் தாண்டும். கோடையில் தோவாளைப் பக்கம் யாரிடமும் போய் அவ்வளவு தண்ணீரைக் கீழே விடச் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்குப் பதில் தினமும் ஓடும் போரைத் தேர்ந்தெடுங்கள். ஓடும்போது சில நிமிஷ இடைவெளியில் மூன்று முறை அளந்து, பி.எச். 0.1க்குள்ளும் இ.சி. 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் மாதிரி எடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் மட்டும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: நைட்ரேட் திடீரென்று எகிறுகிறது, அல்லது காணாமல் போகிறது

முதலில் அலகு. குடிநீர் எல்லை 45 மி.கி. என்பது நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. சில ஆய்வகங்கள் நைட்ரஜனாகக் கொடுக்கும், அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். தாளில் 12 என்று பார்த்து நிம்மதியடைந்தவர், அது நைட்ரஜன் கணக்கு என்று தெரிந்தால் 53 என்று திருத்த வேண்டியிருக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து பாட்டில். ஒரே நாளில் எடுத்த பல கிணறுகளில் நைட்ரேட் நூற்றுக்கணக்கில் வந்து, அதே தாளில் காரத்தன்மை சுழியம் என்றும் இருந்தால், உலோகத்துக்கென்று நைட்ரிக் அமிலம் ஊற்றிய பாட்டில் மாறிப்போயிருக்கிறது. மூடிக்கு இரண்டு நிறம் வைத்துக்கொண்டால் இது நடக்காது.

மூன்றாவது, நம்மூருக்கே உரியது. காயலோரம் தேங்காய் மட்டை ஊறப்போடும் இடங்களுக்கு அருகில் தண்ணீரில் கரிமப் பொருள் அதிகம். புற ஊதா ஒளியில் 220 நானோமீட்டரில் நைட்ரேட்டை அளக்கும் முறையில், அந்தக் கரிமப் பொருளும் நைட்ரேட்டாகக் கணக்கில் ஏறும். 275 நானோமீட்டரில் திருத்தம் போடுவார்கள்தான், ஆனால் அந்தத் திருத்தம் 220இல் வந்த அளவில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த முறையையே விட்டுவிட்டு வேறு முறையில் அளக்கச் சொல்லுங்கள்.

காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். ஐஸ் இல்லாமல் வண்டியில் கிடந்த பாட்டிலில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்றுவிடும். 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும். சனிக்கிழமை மாலை மாதிரி எடுக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறியே இருக்கிறதா? அப்படியென்றால் நம்புங்கள். வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நடுவில் உரம் போட்ட வாழை. காரணத்தை வெகு தூரம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: எல்லா மாதிரியிலும் குளோரைடு கொஞ்சம் கூடுதல்

நாலைந்து மி.கி. இருக்க வேண்டிய மலையடிவாரத் தண்ணீரில் எல்லாம் 12, 13 என்று வந்தால் டைட்ரேஷனை (நிறம் மாறும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) பாருங்கள். வெள்ளி நைட்ரேட் முறையில் வெறும் காய்ச்சி வடித்த நீருக்கே 0.2 முதல் 0.3 மி.லி. வரை செலவாகும். அதைக் கழிக்காவிட்டால் உப்புக் கிணற்றில் தெரியாது, மென்னீரில் பளிச்சென்று தெரியும். மேலும் இந்த முறைக்குத் தண்ணீர் ஏறத்தாழ நடுநிலையில் இருக்க வேண்டும். பி.எச். 5.6 உள்ள தண்ணீரை அப்படியே டைட்ரேட் செய்தால் முடிவுப்புள்ளி தாமதமாகி எண் கூடும்.

அங்கேயும் பிழை இல்லையென்றால் வெற்று மாதிரியைப் பாருங்கள். ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீரைக் களத்துக்குக் கொண்டுபோய், கிணற்றடியில் திறந்து, மற்றப் பாட்டில்களைப் போலவே ஊற்றி மூடிக் கொண்டுவருவது. அதில் குளோரைடு வந்தால் வியர்த்த கை, கடல் காற்று, சரியாகக் கழுவாத பாட்டில் இவற்றில் ஒன்று. கடையில் வாங்கும் பேட்டரி தண்ணீரை இதற்கு நம்ப வேண்டாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் அதையே அளந்துபாருங்கள்.

அறிகுறி: கிணறு பார்க்கவே அசுத்தம், ஆனால் ஈ.கோலை (மலக் கிருமி) இல்லை என்கிறது தாள்

சோதனைக்கு முந்தின நாள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா? பெரும்பாலும் போட்டிருப்பார்கள், ஆய்வுக்கு வருகிறார்கள் என்ற நல்லெண்ணத்தில். மிச்சக் குளோரின் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் கிருமிநீக்கிய பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்டுத் தருகிறார்கள். அந்தப் பாட்டிலை மாதிரித் தண்ணீரால் அலசினால் மருந்து போய்விடும். அலசாமல், மேலே ஒரு அங்குலம் காலியாக விட்டு நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். 24 மணி நேரம் கடந்தால் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் மூடி முங்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

அறிகுறி: இரண்டு டி.டி.எஸ். பேனா, இரண்டு எண்

இரண்டும் இ.சி.யைத்தான் அளக்கின்றன. ஒன்று 0.5ஆல் பெருக்குகிறது, இன்னொன்று 0.7ஆல். 1,000 மைக்ரோசீமென்ஸ் தண்ணீர் ஒன்றில் 500, மற்றதில் 700 காட்டும். பேனாவை இ.சி.க்கு மாற்றிப் படியுங்கள், அதையே எழுதுங்கள்.

அறிகுறி: போன வருஷம் நன்றாக இருந்தது, இந்த வருஷம் மோசம்

எந்த மாதம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு "மழைக்கு முன், மழைக்குப் பின்" என்ற பிரிப்பு வடகிழக்குப் பருவமழையை வைத்துப் போதுமானதாக இருக்கலாம். குமரியில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, நடுவே கோடை மழையும் வந்துவிடும். மே மாதம் என்று தலைப்பில் போட்டிருந்தாலும், நல்ல மழைக்கு மறுநாள் எடுத்ததும் ஒரு மாத வெயிலுக்குப் பிறகு எடுத்ததும் ஒன்றாகாது. இதோடு பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்து சானலில் (பாசனக் கால்வாய்) ஓடும் நாட்களில் பக்கத்துக் கிணறுகளின் மட்டம் ஏறும், இ.சி. இறங்கும். எனவே தேதி, கடைசி மழை, நீர்மட்டம், சானலில் தண்ணீர் ஓடுகிறதா என்ற நான்கையும் ஒவ்வொரு மாதிரியோடும் எழுதுங்கள். இவை இல்லாத பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு "கெட்டுப்போச்சு" என்று சொல்லக் கூடாது.

அறிகுறி: ஒரே தண்ணீரில் எடுத்த இரண்டு பாட்டில், இரண்டு விடை

இது தெரியவே இரட்டை மாதிரி எடுத்திருக்க வேண்டும். பத்துக் கிணற்றுக்கு ஒன்றாவது எடுங்கள், ஆய்வகத்துக்குத் தெரியாதபடி வேறு எண் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு விடைகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நன்று. இருபதைத் தாண்டினால் அந்த நாளின் அந்த அளவீட்டை நிறுத்திவைத்துவிட்டு, ஆய்வகத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்த அளவு உப்பைச் சேர்த்து, அது 80 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்ப வருகிறதா என்று பார்த்த பதிவு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நல்ல ஆய்வகம் தயங்காமல் தரும்.

மறுசோதனையிலும் விடை பிரிந்தே நின்றால் கிணற்றுக்குத் திரும்பப் போக வேண்டியதுதான். போகும்போது பழைய குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள். அதே ஆழம், அதே குழாய், முடிந்தால் அதே நேரம். இந்த முறை மூன்று பாட்டில்: இரண்டு ஒரே ஆய்வகத்துக்கு, ஒன்று வேறு ஆய்வகத்துக்கு. பழைய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.